கிருமி பிடித்த வேர்க்குழலைக் கழுவும் முறை: வன்னியின் பற்சிகிச்சை அறைகளுக்கு

பல் வேரின் நடுவே ஓடும் வேர்க்குழலுக்குள் பைல் (குழலைச் சுரண்டி அகலப்படுத்தும் மெல்லிய கருவி) சுழன்று வெள்ளைத் தூள் வரத் தொடங்கியதும் குழல் சுத்தமாகிவிட்டது என்று நினைப்பு வரும். அந்த நினைப்பை நம்பக்கூடாது. 2001இல் பீற்றர்ஸ் என்ற ஆய்வாளரின் குழுவினர் நுண் சீ.ரி. படம் எடுத்துப் பார்த்தார்கள். எந்த வகைப் பைலைப் பாவித்தாலும் குழற்சுவரில் 35 சதவீதமோ அதற்கு மேலோ தொடப்படாமலே கிடந்தது. அந்தத் தொடாத சுவரிலும், இரண்டு குழல்களை இணைக்கும் ஒடுங்கிய இடுக்கிலும், பக்கக் கிளைகளிலும் கிருமிகள் படலமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பைல் செய்வது வழி வெட்டும் வேலை மட்டும். கிருமியைக் கொல்வது அந்த வழியால் போகும் திரவமும், அது உள்ளே நிற்கும் நேரமும்.

கிருமி இல்லாவிட்டால் வேர்நுனியில் நோயே இல்லை என்பது 1965இலேயே நிறுவப்பட்ட சங்கதி. ககேஹாஷியும் கூட்டாளிகளும் கிருமியற்ற சூழலில் வளர்த்த எலிகளின் பற்கூழைத் (பல்லுக்குள் இருக்கும் உயிர்த்திசுவை) திறந்து விட்டார்கள். சாப்பாடு உள்ளே அடைந்தும் கூழ் சாகவில்லை. சாதாரண எலிகளில் அது அழுகி, வேர்நுனியில் சீழ் கட்டியது.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கத்துப் பற்சிகிச்சை அறைகளில் இந்த வேலை பிழைப்பதற்கு இரண்டு காரணங்கள் முன்னுக்கு நிற்கின்றன. ஒன்று, போத்தலில் எழுதிய வலு திரவத்தில் இல்லாமற் போவது. மற்றது, நோயாளர் குறித்த திகதிக்கு வராமல் தற்காலிக அடைப்பு உடைந்துபோவது. இரண்டும் கைத்திறமைக்கு அப்பாற்பட்டவை. அதனால்தான் கவனிக்கப்படுவதில்லை.

ஹைப்போவின் வலு

சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்கு (துணி வெளுக்கும் திரவம், சுருக்கமாக ஹைப்போ) ஈடான கழுவுநீர் இன்னும் வரவில்லை. செத்த திசுவைக் கரைத்து, கிருமியையும் கொல்வது அது ஒன்றுதான். 0.5 முதல் 6 சதவீதம் வரை பாவிக்கிறார்கள். 0.5 சதவீதம் முதலாம் உலகப் போரில் காயம் கழுவ டேக்கின் கொண்டுவந்த வலு. அதுவும் கிருமியைக் கொல்லும், ஆனால் அழுகிய கூழைக் கரைக்கிற வேகம் வலுவோடு சேர்ந்தே கூடுகிறது. நாங்கள் சொல்வது 2.5 சதவீதம். குறைந்த வலுவை விரும்புகிறவர் அளவையும் நேரத்தையும் கூட்டி அதை ஈடுகட்டலாம்.

சூடு, வெளிச்சம், உலோகம் மூன்றும் ஹைப்போவைத் தின்றுவிடும். சோளகம் வீசும் மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே உள்ள களஞ்சிய அறையில் சில வாரம் கிடந்த போத்தல், முகப்பில் 5 என்று எழுதியிருந்தாலும், 5 அல்ல. கடை வாசலில் வெயில் படும் தட்டில் அடுக்கியதும் அப்படித்தான். வாங்கும்போது உற்பத்தித் திகதியைப் பாருங்கள். வாசனை சேர்த்ததும், சவர்க்காரம் கலந்து தடிப்பாக்கியதும் வேண்டாம். வெளிச்சம் புகாத பிளாஸ்ரிக் போத்தலில், மூடி இறுக்கி, முடிந்தால் தனிக் குளிர்ப்பெட்டியில் பெரிய எழுத்தில் பெயர் ஒட்டி வையுங்கள். தடுப்பூசிக் குளிர்ப்பெட்டியும் சாப்பாடு வைக்கும் குளிர்ப்பெட்டியும் அதற்குரிய இடமல்ல.

5 சதவீதத்தை 2.5 ஆக்க 100 மி.லீ.க்கு 100 மி.லீ. தண்ணீர். 1 சதவீதத்துக்கு ஒரு பங்குக்கு நான்கு பங்கு. கிணற்றுத் தண்ணீரைத் தொடவேண்டாம். குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் இரும்பு இருந்தாலோ, வாளியில் துரு ஏறியிருந்தாலோ போதும், ஹைப்போவின் சிதைவு பல மடங்கு வேகப்படும். காய்ச்சி வடித்த நீர் மட்டும். உலோகப் பாத்திரத்தில் கலக்கவும் கூடாது. ஒரு வாரத்துக்குத் தேவையானதை மட்டும் கலந்து, திகதி எழுதி, வாரம் முடிய மீதியை ஊற்றிவிடுங்கள். மலிவான மருந்து, அதைச் சேமிப்பதில் புண்ணியம் இல்லை.

வலு இருக்கிறதா என்று அறையிலேயே பார்க்க ஒரு வழி உண்டு. பைலில் சுற்றிக்கொண்டு வரும் பற்கூழ்த் துண்டை ஒரு கண்ணாடிக் குழியில் விட்டு, மேலே நான்கைந்து துளி ஹைப்போ ஊற்றுங்கள். நல்ல கரைசல் என்றால் துண்டைச் சுற்றி உடனே சிறு குமிழிகள் கிளம்பி, ஓரம் பஞ்சுபோல் கரைந்து, துண்டு சுருங்கிக்கொண்டே போகும். குமிழியே இல்லாமல் துண்டு கிடந்தபடி கிடந்தால் அந்தப் போத்தலால் எதுவும் ஆகாது. இது அளவீடு அல்ல, செத்த கரைசலைக் கண்டுபிடிக்கும் வழி மட்டுமே.

இன்னொரு எச்சரிக்கை. விறைப்பு ஊசி மருந்தும் ஹைப்போவும் இரண்டும் தெளிந்த தண்ணீர்போலத்தான் இருக்கும். ஹைப்போவை விறைப்பு மருந்தென்று நினைத்துத் தசைக்குள் ஏற்றிய விபத்துகள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. ஹைப்போ சிரிஞ்சுக்கு ஒரு நிற ஒட்டி, சுவரில் படியும் தூளைக் கரைக்கும் ஈடிடிஏ சிரிஞ்சுக்கு வேறொரு நிறம், சேலைனுக்கு இன்னொன்று. எல்லாம் ஒரே தட்டில் கிடக்கக் கூடாது.

களத்தை மூடுதல்

றப்பர் டாம், அதாவது பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மூடும் றப்பர் விரிப்பு, இல்லையென்றால் வேலையைத் தொடங்கவேண்டாம். எச்சில் ஒரு துளி உள்ளே போனால் கழுவிய கழுவல் வீண். ஹைப்போ ஒரு துளி தொண்டைக்குப் போனால் நோயாளருக்குத் தீங்கு. டாமைப் பல்லில் பிடித்துவைக்கும் கிளாம்பில் பல் நூலைக் கட்டி வெளியே விடுங்கள், தெறித்துத் தொண்டைக்குள் போனால் இழுத்தெடுக்கலாம். நோயாளருக்குக் கண்ணாடியும் பிளாஸ்ரிக் மார்புவிரிப்பும் போடுங்கள். ஹைப்போ பட்ட சேலைக்கு மறுபடி நிறம் வராது.

சூத்தையை முழுதாக எடுத்து, பழைய அடைப்பையும் கழற்றிய பிறகே குழல் வாயைத் தேடவேண்டும். ஒரு பக்கச் சுவர் முறிந்த பல் என்றால் முதலில் பல்லோடு ஒட்டும் அடைப்புப் பொருளான கிளாஸ் அயனோமரால் அந்தச் சுவரைக் கட்டி எழுப்புங்கள். கட்டில்லாத கிணறு போல நாலு பக்கமும் ஒழுகும் பல்லில் திரவம் நிற்காது. டாமைப் போட்ட பிறகு பல்லையும் சுற்றியுள்ள றப்பரையும் ஹைப்போ நனைத்த பஞ்சால் துடைத்து ஒரு நிமிடம் விட்டுக் காயவையுங்கள்.

மேல் முதற் கடைவாய்ப் பல்லில் நான்காவது குழலைத் தேடாமல் விடுவதும், கீழ் முன்பல்லில் நாக்குப் பக்கத்து இரண்டாவது குழலை மறப்பதும் சிகிச்சை தோற்பதற்கான பழைய காரணங்கள். கழுவாத குழலுக்கு எந்த மருந்தும் போகாது.

நீளமும் அகலமும்

வேலை நீளம், அதாவது பைல் உள்ளே போகவேண்டிய தூரம், எக்ஸ்ரேயில் தெரியும் வேர்நுனிக்கு 0.5 முதல் 1 மி.மீ. குறைவாக. மின்சாரத்தால் வேர்நுனியைக் கண்டறியும் நுனிகாட்டிக் கருவி இருந்தால் அதையும் எக்ஸ்ரேயையும் ஒத்துப் பாருங்கள். பல்லின் உள்ளறை நிரம்ப ஹைப்போவை வைத்துக்கொண்டு அளந்தால், உலோக அடைப்போடு மின்சாரம் இணைந்து கருவி பொய் சொல்லும். உள்ளறையைப் பஞ்சால் ஒற்றிவிட்டு அளக்கவும்.

மேலிருந்து கீழாக அகலப்படுத்துங்கள். மேற்பகுதியில்தான் அழுக்குக் கூட. அதை முதலில் எடுக்காமல் நீளத்துக்குப் போனால் அந்த அழுக்கை வேர்நுனிக்கு வெளியே தள்ளுவீர்கள். அன்றிரவு நோயாளர் வீங்கிய முகத்தோடு விழித்திருப்பதற்கு அனேகமாக இதுதான் காரணம். நுனியில் 6 சதவீதச் சரிவோடு (மேலே போகப்போகப் பருக்கும் விகிதம்) 30 அளவு (0.30 மி.மீ.), அல்லது 4 சதவீதச் சரிவோடு 35 அளவு வந்தால்தான் கழுவும் ஊசி போகவேண்டிய இடத்துக்குப் போகும். 30 கேஜ் (கேஜ் எண் கூடக் கூட ஊசி மெலியும்) ஊசியின் வெளிவிட்டம் ஏறத்தாழ 0.31 மி.மீ. என்பதை நினைவில் வைத்தால் இந்தக் கணக்கு விளங்கும். இடையிடையே 10ஆம் பைலை நுனித் துவாரம்வரை விட்டெடுங்கள், தூள் அடைத்துக்கொள்ளாது.

கழுவுதல்

27 கேஜ் ஊசி வளைந்த கடைவாய் வேருக்குப் பருமன். 30 கேஜ், நுனி மூடி பக்கத்தில் துளையுள்ள ஊசியை எடுங்கள். சிரிஞ்ச் 3 அல்லது 5 மி.லீ., ஊசியைத் திருகிப் பூட்டும் வகை. வெறுமனே செருகும் வகையில் அழுத்தம் கூடியதும் ஊசி கழன்று பறக்கும். பறந்தால் திரவம் போகும் இடம் கண்.

வேலை நீளத்துக்கு 2 மி.மீ. குறைவாக ஊசியில் றப்பர்த் தடுப்பு வையுங்கள். பக்கத்துளை ஊசியிலிருந்து திரவம் ஊசி நுனிக்கு அப்பால் ஏறத்தாழ 1 முதல் 1.5 மி.மீ. தூரமே புதுப்பிக்கப்படும். அதற்கு மேலே நிறுத்தினால் கடைசி மில்லிமீற்றர்களில் காற்றுக் குமிழி அடைத்து, நீங்கள் எத்தனை மி.லீ. ஊற்றினாலும் அங்கே ஒன்றும் மாறாது. ஊசி குழலில் சிக்கவே கூடாது. சிக்கியதாகத் தெரிந்தால் 1 மி.மீ. மேலே இழுங்கள். பெருவிரலால் தள்ளவேண்டாம், சுட்டுவிரலால் அழுத்துங்கள். விரல் மாறியதுமே அழுத்தம் தானாகக் குறையும். 1 மி.லீ.க்கு 10 முதல் 15 விநாடி. ஊசி ஓரிடத்தில் நிற்காமல் 2, 3 மி.மீ. மேலும் கீழும் போய்வரட்டும். உறிஞ்சு குழாய் பல்லின் வாயருகே. வெளியே வரும் திரவம் கலங்கலாக, சிலவேளை மெல்லிய சீழ்நிறத்தில் வரும். தெளிந்து வரும்வரை நிறுத்தவேண்டாம்.

ஒவ்வொரு பைலுக்குப் பின்பும் 2 மி.லீ. பைல் போகும்போதும் குழலில் ஹைப்போ நிறைந்து நிற்கவேண்டும், காய்ந்த குழலில் பைல் ஓடினால் தூள்தான் அடையும். நாலு குழலுள்ள கடைவாய்ப் பல்லுக்கு 40 மி.லீ. போவது சாதாரணம், ஹைப்போ உள்ளே நிற்கும் மொத்த நேரம் அரை மணியாவது இருக்கட்டும். திசுவோடு சேர்ந்ததும் ஹைப்போ தன் வலுவை இழந்துவிடுவதால், ஒரு முறை ஊற்றிவிட்டு அரை மணி காத்திருப்பது ஈடாகாது. அடிக்கடி புதிதாக மாற்றவேண்டும்.

அகலப்படுத்தி முடிந்ததும் கடைசிக் கழுவல். குழல் ஒன்றுக்கு 5 மி.லீ. ஹைப்போ, இடையில் கலக்கல். அல்ட்ராசோனிக் முனை இருந்தால் வேலை நீளத்துக்கு 2 மி.மீ. குறைவாக, சுவரைத் தொடாமல், 20 விநாடி வீதம் மூன்று தடவை, ஒவ்வொன்றுக்கும் புது ஹைப்போ. கருவி இல்லையா, அல்லது கரண்ட் போய்விட்டதா? குழலுக்குப் பொருந்தும் கட்டா பெர்ச்சாக் கூம்பை (பின்னர் குழலை அடைக்கும் றப்பர் போன்ற பொருள்) எடுத்து, வேலை நீளத்துக்கு ஒரு மி.மீ. குறைய, 2 முதல் 3 மி.மீ. வீச்சில், நிமிடத்துக்கு ஏறத்தாழ நூறு தடவை மேலும் கீழும் இழுங்கள். காசு செலவில்லாத இந்த வேலை அடைபட்ட காற்றுக் குமிழியை உடைக்கும். செய்பவர் குறைவு என்பதுதான் கவலை.

பிறகு சேலைன் 2 மி.லீ., அதன்பின் 17 சதவீத ஈடிடிஏ குழலுக்கு 1 மி.லீ. ஒரு நிமிடம். பைல் அரைத்துச் சுவரில் பூசிவிட்ட தூட்படலத்தை இது கரைக்கும், ஹைப்போவால் அது ஆகாது. பத்து நிமிடம் விட்டால் பல்லின் சுவரையே அரிக்கும். மீண்டும் சேலைன், கடைசியாக 2 மி.லீ. ஹைப்போ, ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

ஒன்றோடொன்று சேரக்கூடாதவை

ஈடிடிஏயும் ஹைப்போவும் கலந்தால் குளோரின் அந்த இடத்திலேயே தீர்ந்துபோகும். ஈடிடிஏ ஜெல்லைப் பைலில் தடவிக்கொண்டே ஹைப்போ ஊற்றுபவர் கிருமிக்கு வெறும் தண்ணீரைத்தான் ஊற்றுகிறார். இன்னொரு கிருமிநாசினியான குளோரெக்ஸிடினும் ஹைப்போவும் கலந்தால் செம்பழுப்பு நிறப் படிவு உண்டாகி, பல்லின் நிறத்தையும் கெடுத்து, குழலையும் அடைக்கும். குளோரெக்ஸிடினும் ஈடிடிஏயும் சேர்ந்தால் வெள்ளைப் படிவு. இரண்டு திரவத்துக்கு இடையே சேலைனால் கழுவி, ஈரம் உறிஞ்சும் காகிதக் கூம்பான பேப்பர் பொயின்றால் ஒற்றிவிட்டு அடுத்ததை விடுங்கள். 2 சதவீதக் குளோரெக்ஸிடின் முன்பு அடைத்துத் தோற்ற பல்லில் கடைசிக் கழுவலாக உதவலாம். அது திசுவைக் கரைக்காது, ஹைப்போவின் இடத்தைப் பிடிக்காது.

குழலைக் காயவைக்கக் காற்றுக் குழாயைப் பாவிக்கவேண்டாம். காற்று வேர்நுனியால் தசைக்குள் புகுந்து, கன்னம் நொறுநொறுவென்று ஊதிவிடும். பேப்பர் பொயின்ற் மட்டும், அதையும் வேலை நீளத்துக்கு அளந்து.

ஹைப்போ வேர்நுனியைத் தாண்டிப் போனால்

விறைப்பு இருந்தும் நோயாளர் திடீரென்று துடிப்பார். சில நிமிடங்களில் கன்னமோ உதடோ கண்ணுக்குக் கீழோ வீங்கும், குழலால் இரத்தம் கொட்டும், பிறகு தோல் கன்றி நீலம் பாயும். ஊசி சிக்கியது, அளந்த நீளம் பிழைத்தது, வேரில் ஓட்டை விழுந்தது, நுனி மூடாத இளம் பல் என்பதை மறந்தது, இவற்றில் ஒன்று நடந்திருக்கும். அடிபட்ட சிறுவர்களின் நுனி மூடாத முன்பல்லுக்கு 1.5 சதவீதத்துக்கு மேல் வேண்டாம்.

உடனே நிறுத்தி, சேலைனால் தாராளமாக, அழுத்தாமல் கழுவுங்கள். இரத்தம் வரட்டும், அது மருந்தை வெளியே கொண்டுவரும். நீண்டநேரம் நிற்கும் விறைப்பு ஊசி, வலி மாத்திரை, முதல் நாள் குளிர் ஒற்றடம், அடுத்த நாளிலிருந்து வெந்நீர் ஒற்றடம். நோயாளரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்: வீக்கம் கூடிப் பிறகு வற்றும், கன்றல் ஆற ஒன்றிரண்டு வாரம் எடுக்கும். விழுங்க, மூச்செடுக்கச் சிரமம் என்றாலோ, கண் பார்வை மங்கினாலோ, கன்னத்தின் உணர்வு திரும்பாவிட்டாலோ, அன்றே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

இரண்டு அமர்வுக்கிடையே

வலியில்லை, குழல் காய்ந்திருக்கிறது, நேரமும் இருக்கிறது என்றால் அதே அமர்வில் அடைக்கலாம். ஒரே அமர்வுக்கும் இரண்டுக்கும் குணமாகும் விகிதத்தில் பெரிய வேறுபாடு தெளிவாகக் காட்டப்படவில்லை. துணுக்காயிலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ இரண்டு பஸ் ஏறி வருபவருக்கு, அதுவும் காலபோக அறுவடை தொடங்குகிற நேரம், இதை முதலில் யோசியுங்கள். சீழ் நிற்காவிட்டால் வேறு வழியில்லை, கிருமியை அடக்கும் கார மருந்தான கல்சியம் ஹைட்ரொக்சைட் வைத்து மூடவேண்டும்.

அந்த மருந்துத் தூளைச் சேலைனில் குழைத்துத் தடித்த ஆடை போலாக்குங்கள். தூள்ப் போத்தல் திறந்து கிடந்தால் காற்றின் கரியமிலவாயுவால் வெறும் சுண்ணக்கட்டியாகிவிடும். மருந்தின் வலு அதன் 12.5 பிஎச் காரத்தன்மையில்தான் இருக்கிறது. பசையைச் சுழற்றி உள்ளே தள்ளும் சுருள் கம்பியான லென்ருலோவை வேலை நீளத்துக்கு 2, 3 மி.மீ. குறைய உள்ளே விட்டபிறகு முன்சுழற்சியில் மெதுவாக ஓடவிட்டு, ஓடும்போதே வெளியே எடுங்கள். பின்சுழற்சியில் உடையும். அது இல்லாவிட்டால் கே-பைலில் தோய்த்து, கடிகார முள்ளுக்கு எதிராகச் சுழற்றியபடி வெளியே எடுக்கலாம். பசைச் சிரிஞ்சைக் குழலில் இறுக்கி அழுத்தவேண்டாம். கீழ்க் கடைவாயில் பசை தாடை நரம்புக்குள் போனால் உதடு நெடுங்காலம் மரத்துப்போகும். எக்ஸ்ரேயில் குழல் தெரியாமல் மறைந்திருந்தால் சரியாக நிரம்பியிருக்கிறது.

ஏழு நாளாவது உள்ளே இருக்கட்டும். மாதக்கணக்கில் விட்டால் பல்லின் உறுதி குறையும். என்டரோகொக்கஸ் பீகாலிஸ் போன்ற கிருமிகள் இந்தக் காரத்தையும் தாங்கும். ஆதலால் இதை நம்பிக் கழுவலைக் குறைக்கவேண்டாம்.

மேலே மெல்லிய பஞ்சு, அதன்மேல் 4 மி.மீ. தடிப்பில் தற்காலிக அடைப்பு. பஞ்சைத் தடிப்பாக வைத்தால் அடைப்புக்கு இடமில்லாமற்போய் ஒரு கிழமைக்குள் கசியும். தவறாமல் வருவார் என்று நிச்சயமில்லாத எவருக்கும் கீழே தற்காலிகம், மேலே கிளாஸ் அயனோமர் என்று இரண்டு அடுக்காகப் போட்டு, கடிக்கும் முகட்டைச் சற்றுக் குறைத்துவிடுங்கள். கிளினிக் கொப்பியில் திகதியை மட்டும் எழுதாமல், "உள்ளே மருந்து இருக்கிறது, அடைப்பு உடைந்தால் திகதிக்குக் காத்திராமல் வரவும்" என்றும் எழுதுங்கள். சீழ் வடியட்டும் என்று பல்லைத் திறந்து அனுப்புவது வேண்டாம். டாமுக்குள்ளேயே கால் மணிநேரம் வடியவிட்டுக் கழுவி மூடலாம்.

அமொக்சிசிலினால் குழல் சுத்தமாகாது. செத்த கூழுக்கு இரத்த ஓட்டம் இல்லை, மருந்து அங்கே போய்ச் சேராது. காய்ச்சல், பரவும் வீக்கம், வாய் திறக்கமுடியாமை இருந்தால் மட்டும் எழுதுங்கள், அப்போதும் கழுவலோடு சேர்த்து.

இரண்டாம் அமர்வில் உள்ளே வைத்த மருந்தை வெளியே எடுக்கவேண்டும். கல்சியம் ஹைட்ரொக்சைட் ஹைப்போவில் கரையாது. ஈடிடிஏ, கடைசி அளவுப் பைல், கலக்கல் மூன்றும் வேண்டும். மீதி ஒட்டியிருந்தால் அடைப்புப் பசை சுவரில் பிடிக்காது. வலியில்லை, மணமில்லை, பேப்பர் பொயின்ற் காய்ந்து வருகிறது என்றால் அடைக்கலாம். கட்டா பெர்ச்சாக் கூம்பை 5.25 சதவீத ஹைப்போவில் ஒரு நிமிடம் போட்டு, காய்ச்சி வடித்த நீரில் அலசி எடுங்கள், அலசாவிட்டால் உப்புப் பளிங்கு ஒட்டிக்கொள்ளும். மேலுள்ள நிரந்தர அடைப்பை அன்றே அல்லது அடுத்த கிழமைக்குள் போடுங்கள். எக்ஸ்ரே ஒரு வருடத்தில். எலும்பு அரிந்ததைக் காட்டும் வேர்நுனிக் கறுப்பு சிறுத்து முழுதாக மறையாமல் இருந்தால் நான்கு வருடம்வரை வருடந்தோறும் பார்க்கவேண்டும், அதற்கு முன் பல்லைப் பிடுங்க முடிவெடுக்கவேண்டாம்.